செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட்: துறைமுகம், படகு, கல்பாதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில், பென்சான்ஸ் பக்கம் குடியிருக்கிறேன். கோடை தொடங்கிவிட்டால் லண்டன், பர்மிங்ஹாம் பக்கத்திலிருந்து நம் குடும்பங்கள் வரத் தொடங்கும். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு எல்லாரும் முதலில் பார்க்க நினைப்பது மராசையன் ஊருக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் இந்தக் குன்றைத்தான். வருகிறவர்கள் ஃபோனில் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிவைக்கிறேன்.

இது தீவா, இல்ல கரையோட ஒட்டின குன்றா? ஒருத்தர் நடந்து போனேங்கிறார், இன்னொருத்தர் படகுல போனேங்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரி. கடல் வற்றும்போது மராசையன் கரையிலிருந்து தீவுக்கு ஒரு கல்பாதை வெளியே தெரியும். கருங்கல் பாவிய பாதை அது. அரை கிலோமீட்டர் அளவுதான், பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். கடல் ஏறினால் அதே பாதை தண்ணீருக்கு அடியில் போய்விடும். அப்போது படகு மட்டும்தான். இப்படி ஒரு நாளைக்கு இரண்டு முறை தீவாகவும் இரண்டு முறை கரையாகவும் மாறும் இடம் இது. மேலே ஒரு கோட்டை, கீழே கரையைப் பார்த்தபடி ஒரு சிறு துறைமுகம், அதை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். மொத்தம் 57 ஏக்கர்.

நம்ம ஊர்க் கடல்ல இவ்வளவு தண்ணி இறங்குறதில்லையே, இங்க மட்டும் எப்படி?

நம் ஊரிலும் ஓதம், அதாவது கடல் தினமும் ஏறி வற்றுவது, உண்டு, ஆனால் அளவு சிறியது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் பெரிய ஓதத்தில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான் வரும். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் 4.8 மீட்டர். ஒன்றரை மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அது பாதியாகி 2.4 மீட்டருக்கு வந்துவிடும். அட்லாண்டிக்கின் ஓதம் ஆழம் குறைந்த கடலுக்குள் ஏறி வரும்போது உயரம் கூடிப்போகிறது. இங்கிருந்து வடக்கே போனால், பிரிஸ்டல் பக்கத்தில் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேலே ஏறும்.

ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றுப் போனவர் சொன்ன நேரத்தை அப்படியே நம்பி இன்றைக்குக் கிளம்பக் கூடாது.

நாங்க போற அன்னிக்கு நடக்கலாமா, படகா? முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தீவின் இணையதளத்தில் பாதை திறந்திருக்கும் நேரம் தேதிவாரியாக இருக்கும். கடைசியில் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் எந்த வாரம் விடுப்பு எடுக்கலாம் என்று யோசிக்க அதுகூட வேண்டாம். சமையலறையில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டி போதும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்வதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

இந்தக் கடற்கரையில் பெரிய ஓதத்தின் வற்றம் எப்போதும் நண்பகலை ஒட்டியே வரும். பௌர்ணமி, அமாவாசை, அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாட்கள், அதாவது பிரதமை, துவிதியை, திருதியை: இந்த நாட்களில் கோடையில் பகல் 12 மணிக்கும் ஒன்றரைக்கும் நடுவே கடல் நன்றாக வற்றியிருக்கும். அதற்கு முன்னும் பின்னும் சுமார் இரண்டு மணி நேரம் நடக்கலாம். அஷ்டமி, நவமி என்றால் தலைகீழ். நண்பகலில் கடல் ஏறி நிற்கும், பாதை விடிகாலையிலும் சாயங்காலத்திலும்தான் திறக்கும். பகலில் போகிறவர்களுக்குப் படகு. நம் நாட்காட்டியில் திதி மாறும் நேரம் இந்திய நேரப்படி இருக்கும். சில மணி நேர வித்தியாசம் இந்தக் கணக்குக்குப் பெரிதல்ல.

படகில் போய் நடந்து திரும்ப வேண்டும், இரண்டும் பார்க்க வேண்டும் என்றால் சப்தமிக்கு இரண்டு நாள் முன்னதாக வாருங்கள். முற்பகலில் இன்னும் ஏறியிருக்கும் கடலில் படகில் போய், பிற்பகலில் வற்றிய பாதையில் நடந்து திரும்பும்படி அமையும். என்னைக் கேட்டால் அந்த நாட்கள்தான் அருமை. போகும்போது பார்த்த அதே துறைமுகம், திரும்பும்போது வெறும் மணலாகக் கிடக்கும்.

நெட்ல பார்த்த நேரத்துக்குக் கரெக்டா போனோம். ஒரு மணி நேரம் தப்பா இருந்துச்சே?

பல ஓத அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அட்டவணையில் 11:20 என்றால் உங்கள் கையில் 12:20. அட்டவணையின் மேலேயோ கீழேயோ எந்த நேரம் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அதை முதலில் படியுங்கள். இன்னொன்று, மவுண்ட் என்ற பெயரில் அட்டவணை கிடைக்காவிட்டால் நியூலின் என்று தேடுங்கள். இந்தத் தீவு நிற்கும் வளைகுடாவின் மறுபக்கத்தில் இருக்கும் துறைமுகம் அது. இரண்டு இடத்துக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

படகு எங்கிருந்து கிளம்பும்? போன தடவை நின்ன இடத்துல ஆளையே காணோம்.

கடல் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதைப் பொறுத்து மராசையன் பக்கத்தில் ஏறும் இடம் மாறும். குவெல்வா என்பது ஒரு இடம். பாதை தொடங்கும் இடத்தில் நிற்கும் சேப்பல் ராக் என்ற பாறை இன்னொரு இடம். அன்றைக்கு எங்கே என்று கரையில் பலகை வைத்திருப்பார்கள். காலையில் ஏறிய இடத்திலேயே மாலையில் இறங்குவோம் என்று காரை அங்கேயே நிறுத்தாதீர்கள். திறந்த மோட்டார் படகுகள், சில நிமிடப் பயணம்தான். காற்று அடித்தால் தண்ணீர் தெறிக்கும், குழந்தைகளுக்கு ஒரு ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேஷனல் டிரஸ்ட் (பழைய கட்டடங்களையும் நிலங்களையும் காக்கும் அறக்கட்டளை) உறுப்பினர்கள் கவனிக்க: உறுப்பினர் அட்டை கோட்டைக்குச் செல்லும், படகுக்குச் செல்லாது. படகுக் கட்டணம் தனி. நடந்து போனால் அந்தச் செலவு இல்லை. குளிர்காலத்தில் படகை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. நடக்கிறது நல்லதா, படகு நல்லதா?

உண்மையைச் சொன்னால் இரண்டும் கொஞ்சம் கஷ்டம்தான். கல்பாதை நேராக இருக்கும், ஏற்றம் இல்லை. ஆனால் கற்கள் மேடு பள்ளமானவை, கடல் விலகிய பின் ஈரமும் பாசியும் வழுக்கும். ரப்பர் அடி வைத்த ஷூ போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்க வேண்டும். படகில் போனால் துறைமுகச் சுவரில் இருக்கும் கல்படிகளில் ஏற வேண்டியிருக்கும். கடல் நன்றாக ஏறியிருக்கும்போது நாலைந்து படி, வற்ற வற்றப் படிகள் கூடும். அதனால் முழங்கால் வலிக்காரர்களைக் கடல் ஏறி நிற்கும் நேரத்தில் படகில் கூட்டிப்போவது மேல்.

கோட்டைக்கு ஏறும் வழி செங்குத்தான, கரடுமுரடான கல் வழி. அதைத் தவிர்த்துவிட்டு, துறைமுகத்திலேயே ஒரு பெஞ்சில் உட்காரவைத்தால் போதும். என் அம்மா இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு படகும் அணைவதையும் கயிறு வீசுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டைக்கு வரவில்லையே என்ற குறை அவளுக்குத் துளியும் இல்லை.

படி ஏறி முடியும் இடத்தில் தரையைப் பாருங்கள். ஒரு கல்லில் பித்தளையில் சிறிய பாதச் சுவடு ஒன்று பதித்திருக்கும். 1846இல் விக்டோரியா ராணி இங்கே வந்து இறங்கியதன் அடையாளம். நம் வீட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ஷூவை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், பிள்ளையின் ஷூதான் பெரியது.

துறைமுகத்துல படகெல்லாம் சாய்ஞ்சு கிடக்கு. ஏதாவது புயல் அடிச்சுதா?

இல்லை. அங்கே எப்போதும் அப்படித்தான். என் சித்தப்பா தூத்துக்குடிக்காரர், கடல் தெரிந்தவர். அவரே சுவர் மேல் நின்று எட்டிப் பார்த்து, “துறைமுகத்துக்குள்ள தண்ணியே இல்லையேப்பா” என்று கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டார். வற்றத்தில் இந்தத் துறைமுகம் அடியோடு காய்ந்துவிடும். மணல், பாசி, சேற்றில் புதைந்த சங்கிலிகள், நடுவில் ஒரு வாய்க்கால்போலக் கொஞ்சம் தண்ணீர். படகுகள் தரையில் உட்கார்ந்திருக்கும்.

இதற்குத் தோதான படகுகள் உண்டு. தட்டையான அடி உள்ளவை அப்படியே உட்காரும். சில பாய்மரப் படகுகளுக்கு அடியில் ஒரு கீலுக்குப் பதில் (படகு கவிழாமல் இருக்க அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) இரண்டு கீல் இருக்கும், கால் பரப்பி நிற்பதுபோல நேராக நிற்கும். சிலவற்றுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கால் கட்டிவிடுவார்கள். ஒற்றை ஆழமான கீல் வைத்த படகுதான் பக்கவாட்டில் சாய்ந்து விழும். அதனால் அந்த வகைப் படகு வைத்திருப்பவர்கள் இங்கே வரும்போது ரொம்ப யோசிப்பார்கள். தூர்வாரி ஆழப்படுத்தினால் என்ன என்று சித்தப்பா கேட்டார். அடி காய்வதில் ஒரு வசதியும் இருக்கிறது: கப்பல்பட்டறைக்கு இழுக்காமலே படகின் அடியைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, அடுத்த ஏற்றத்துக்குள் முடித்துவிடலாம். அவர் அதைக் கேட்டதும் கீழே இறங்கிப் போய் ஒரு படகின் அடியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

இவ்வளவு சின்னத் தீவுக்கு இவ்வளவு பெரிய துறைமுகம் எதுக்கு?

ஒரு காலத்தில் இது வெறும் சுற்றுலா இடம் அல்ல, வேலை செய்த துறைமுகம். அலைச்சுவரின் பழைய பகுதி 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1727இல் துறைமுகத்தைச் சீரமைத்த பிறகு இங்கே வியாபாரம் பெருகியது. 1823இல் 500 டன் சுமக்கும் கப்பல்கள் வரை வந்து நிற்கும்படி விரித்துக் கட்டினார்கள். அந்தக் காலத்தில் இந்தச் சின்ன இடத்தில் 221 பேர் குடியிருந்தார்கள். நான்கு தெரு, மூன்று பள்ளிக்கூடம், மாலுமிகளுக்காக மூன்று மதுக்கடை.

பிறகு பக்கத்து ஊரான பென்சான்ஸ் துறைமுகத்தைப் பெரிதாக்கினார்கள், 1852இல் அங்கே ரயிலும் வந்தது. ரயில் வரும் ஊருக்குத்தானே கப்பல் போகும்? ஒரு தலைமுறைக்குள் இங்கே வீடுகள் காலியாகி, பலவற்றை இடித்தும் விட்டார்கள். இன்றைக்கு நீங்கள் பார்க்கும் அகலமான சுவர்கள் அந்த 30 வருடச் செழிப்பின் மிச்சம். படகில் உள்ளே நுழையும்போது இரண்டு பக்கச் சுவரின் கல்லையும் கவனியுங்கள். டன் கணக்கில் கருங்கல், அதுவும் ஓதம் விட்ட நேரத்தில் மட்டும் வேலை செய்து அடுக்கியது.

அங்க ஆளுங்க குடியிருக்காங்களா? மளிகைச் சாமான் எல்லாம் எப்படிப் போகும்?

குடியிருக்கிறார்கள், முப்பது பேர் அளவில். 17ஆம் நூற்றாண்டிலிருந்து செயின்ட் ஆபின் குடும்பத்தின் வீடு அந்தக் கோட்டை. 1954இல் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டு, 999 வருடக் குத்தகையில் அங்கேயே வாழ்கிறார்கள். மற்றவர்கள் தோட்டக்காரர்கள், படகோட்டிகள், கோட்டையில் வேலை செய்பவர்கள்.

சாமான் வற்றத்தில் வண்டியில் பாதை வழியே வரும், ஏற்றத்தில் படகில் வரும். தரையிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டியும் பயன்படுத்துகிறார்கள். துறைமுகத்திலிருந்து மேலே கோட்டைக்கு, பாறைக்குள் குடைந்த சுரங்கத்தில் சாய்வான ரயில் ஒன்று உண்டு. சுமார் 1900இல் போட்டது. அதற்கு முன் மூட்டைகளைப் பொதிக் குதிரைகள் ஏற்றிப்போயின. சரிவு மிக அதிகம், ஆள் ஏற அனுமதி இல்லை, சாமான் மட்டும்.

ஃப்ரெண்டுகிட்ட யாட் இருக்கு. நேரா துறைமுகத்துக்குள்ள போய்க் கட்டலாமா?

மேலே படகுகள் சாய்ந்து கிடப்பதைப் பற்றிச் சொன்னதை முதலில் அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவருடைய படகு தரையில் உட்காரும் வகையா என்பதுதான் முதல் கேள்வி. உட்காரும் வகை என்றால், துறைமுக அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி, இடம் இருந்தால் சுவரோரம் அணையலாம். ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்ச நேரம்தான் வாசல் வழியே நுழைய ஆழம் இருக்கும். பயணிகள் படகு நாள் முழுக்க அந்த வாசலில்தான் போய் வருகிறது, அவர்களுக்கு வழிவிட வேண்டும். மின்சாரம், குளியலறை, டீசல் என்று மெரினா வசதிகளை எதிர்பார்த்து வரக் கூடாது.

உட்காரும் வகை இல்லையென்றால், அமைதியான வானிலையில் தீவுக்கு மேற்கே நங்கூரம் போட்டுவிட்டு, சிறு ரப்பர் படகில் வரலாம். துறைமுகத்துக்கு வடமேற்கே ஹோகஸ் பாறைகள் இருக்கின்றன. ஏற்றத்தில் அவை மூழ்கிப்போகும், கண்ணுக்குத் தெரியாது. கடல்வரைபடம் பார்க்காமல் குறுக்கே வெட்டக் கூடாது. வடக்கு, கிழக்குக் காற்றுக்கு இங்கே மறைவு உண்டு. தெற்கிலிருந்து காற்று திரும்பினால் வளைகுடா முழுக்கத் திறந்த வாய், அலை நேரே உள்ளே வரும். அப்போது இரவு தங்கலாம் என்று நினைக்காமல் நியூலினுக்குப் போய்விட வேண்டும். அங்கே எந்த ஓதத்திலும் நுழையலாம். பென்சான்ஸில் கதவு வைத்த உள்துறை உண்டு, ஆனால் அது ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து ஒரு மணி நேரம் பின்பு வரைதான் திறந்திருக்கும்.

கயாக்?

கடல் அமைதியாக இருந்தால் போகலாம். தீவில் இறங்குவதற்குத் துறைமுகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பயணிகள் படகின் வழியில் நிற்காதீர்கள். தீவின் தெற்குப் பக்கம் நேரே அட்லாண்டிக்கைப் பார்த்த பாறைகள், புதிதாகத் துடுப்புப் போடுகிறவர்கள் அந்தப் பக்கம் சுற்ற வேண்டாம்.

பாதையில தண்ணி கணுக்கால் அளவுதான் இருந்துச்சு. ஓடிப் போயிடலாம்தானே?

தயவுசெய்து வேண்டாம். கடல் ஒரே வேகத்தில் ஏறாது. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. மாலுமிகளின் பழைய கணக்கு இது. இந்தப் பாதை மூடுவது நடுக்கட்டத்தை நெருங்கும்போதுதான், அதாவது கடல் மிக வேகமாக ஏறும் நேரத்தில். பௌர்ணமி ஓதத்தின் 4.8 மீட்டரில் மூன்று பங்கு 1.2 மீட்டர். ஒரு மணி நேரத்தில் அவ்வளவு என்றால் நிமிடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர். கணுக்காலில் இருந்த தண்ணீர் நீங்கள் பாதி தூரம் போவதற்குள் ஏறிவிடும். அதோடு பாதையின் இரண்டு பக்கத்திலிருந்தும் அலை வந்து நடுவில் மோதும், கல் எங்கே முடிகிறது என்று தெரியாது. குழந்தை முழங்காலில் தண்ணீர் வந்தாலே நிலை தடுமாறும்.

யாராவது மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் நீங்கள் இறங்காதீர்கள். 999 அழைத்து கோஸ்ட்கார்டை, அதாவது கடலோர மீட்புப் பிரிவைக் கேளுங்கள். இந்த வளைகுடாவின் உயிர்காப்புப் படகு நியூலினில் நிற்கிறது. ஓட்டுபவர்கள் தன்னார்வலர்கள். 1981 டிசம்பர் 19 இரவு, புயலில் சிக்கிய ஒரு கப்பலைக் காப்பாற்றப் போன அவர்களுடைய படகில் இருந்த எட்டுப் பேரும் திரும்பவில்லை. அவர்களை அநாவசியமாகக் கடலுக்குள் வரவழைக்கக் கூடாது என்று இங்கே எல்லாரும் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தீவுல இருக்கும்போதே பாதை மூடிட்டா?

பயப்பட ஒன்றுமில்லை, பருவகாலத்தில் படகு இருக்கும். ஆனால் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். கையில் படகுக்குக் காசோ அட்டையோ இருக்கட்டும்.

பௌர்ணமி அன்னிக்குத்தான் போனோம். நீங்க சொன்ன நேரத்துக்குப் பாதை திறக்கவே இல்லையே?

அட்டவணை சொல்வது நிலவும் சூரியனும் செய்யும் வேலையை மட்டும். காற்றையும் காற்றழுத்தத்தையும் அதற்குத் தெரியாது. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் உயரும். ஒரு தாழ்வு மண்டலம் வந்து முப்பது மில்லிபார் குறைந்தால் முப்பது சென்டிமீட்டர். தெற்குக் காற்று பலமாக அடித்தால் தண்ணீரை வளைகுடாவுக்குள் தள்ளிப் பிடித்துவைக்கும், அலையும் பாதை மேல் புரளும். அப்போது திறப்பது தாமதமாகும், சீக்கிரமும் மூடும். அஷ்டமி ஓதத்தில் கடல் குறைவாகத்தான் வற்றும் என்பதால் அப்போது இந்தப் பாதிப்பு இன்னும் தெரியும், சில சமயம் திறக்காமலேயே போகலாம். கிளம்பும் அன்று காலையில் தீவின் அறிவிப்பை ஒரு முறை பாருங்கள்.

இங்க சுனாமி வந்திருக்கா?

ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் பலர் கேட்கும் கேள்வி. 2004ஐப் பார்த்தவர்கள், கேட்கத்தான் செய்வார்கள். வந்திருக்கிறது. 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கிய அன்று மதியம், இந்தத் துறைமுகத்தில் கடல் பத்து நிமிடத்தில் ஆறு அடி ஏறி, அதே வேகத்தில் வடிந்தது. அப்படியே ஏறுவதும் இறங்குவதுமாக ஐந்து மணி நேரம். ஓத நேரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் கடல் திடீரென்று உள்வாங்கினால், பார்க்க நிற்காமல் மேலே ஏறுங்கள் என்று நம் ஊரில் இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது இங்கேயும் பொருந்தும்.

கடல் மட்டம் ஏறிக்கிட்டே வருதே, இந்தப் பாதை இன்னும் எத்தனை வருஷம் இருக்கும்?

வருடம் சொல்ல முடியாது. ஆனால் ஏறுவதை அளந்து சொல்ல இதைவிடச் சரியான இடம் இந்த நாட்டில் இல்லை. தீவிலிருந்து பார்த்தால் எதிரே தெரியும் நியூலின் துறைமுகச் சுவரில் ஓதத்தை அளக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. 1915 முதல் 1921 வரை அங்கே மணிக்கு மணி அளந்த சராசரிதான், பிரிட்டன் வரைபடங்களில் எல்லா மலைக்கும் தெருவுக்கும் உயரம் கணக்கிடும் பூஜ்ஜியம். அந்தச் சராசரியிலிருந்து கடல் இன்றைக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. மேலே சொன்ன நிமிடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் என்றால் பாதை திறப்பதில் பத்து நிமிடம், மூடுவதில் பத்து நிமிடம் போய்விட்டது. அஷ்டமி ஓதத்தில் கடல் ஏறும் வேகம் பாதிதான் என்பதால் இழப்பு இரண்டு மடங்கு. கல்லை உயர்த்திக் கட்டலாம், ஆனால் காய்ந்து நிற்கும் துறைமுகச் சுவர், வீட்டு வாசல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கும்.

இந்தக் குன்றுக்குக் கார்னிஷ் மொழியில் பழைய பெயர் ‘கரெக் லூஸ் இன் கூஸ்’. காட்டுக்குள் இருக்கும் சாம்பல் நிறப் பாறை என்று பொருள். வெறும் கதை என்று பலரும் நினைப்பார்கள். பெரிய ஓதத்தின் வற்றத்தில், புயல் மணலை வாரிக்கொண்டு போன பிறகு, இந்த வளைகுடாவின் கரையில் மரங்களின் அடிக்கட்டைகள் வெளியே தெரியும். இங்கே கிடைத்த ஹேசல் கொட்டைகளை வைத்து, அந்தக் காடு கி.மு. 1700 வாக்கில் கடலுக்குள் போனது என்று கணித்திருக்கிறார்கள். ஒரு பிப்ரவரியில் நான் அப்படி ஒரு கட்டையைத் தொட்டிருக்கிறேன். கறுப்பாக, ஊறிய அட்டைபோல விரலுக்கு அமுங்கியது, பட்டையின் வரிகள் மட்டும் அப்படியே இருந்தன. அடுத்த வாரம் போனபோது மணல் மூடியிருந்தது.